சீப்பு முத்திரை இல்லாத வளையம்

கொனாடுவுக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் திறக்கும், மூளை அப்புறம்தான் திறக்கும். குமாசியில் இரும்பு தொடுகிற எல்லாருக்கும் இது தெரியும். அன்றைக்கு அட்டகோராவின் பட்டறையில் அவள் வாய் திறந்தபோது சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். சொன்னதைத் திரும்ப விழுங்க வழியில்லாமல் போய்விட்டது.

அட்டகோரா சட்டிக்காரர். சந்தையில் தக்காளியும் கிழங்கும் சுமக்கிற பெண்களின் தலையிலும், கட்டட வேலையில் சாந்து சுமக்கிறவர்களின் தலையிலும் இருக்கிற இரும்புச் சட்டிகளில் பாதி அவர் பட்டறையில் பிறந்தவை. பிறக்கிற விதம் எளிது. வட்டமாக வெட்டிய தகட்டை ஒரு கனத்த இரும்பு வளையத்தின் மேல் வைப்பார்கள். பிரஸ் மேலிருந்து இறங்கி, தகட்டை வளையத்தின் வாய்க்குள் அமுக்கும். தட்டையாக உட்கார்ந்த தகடு மறுபக்கம் சட்டியாகப் போய் விழும்.

தொல்லை அந்த வளையத்தின் உதட்டில்தான். ஒவ்வொரு தகடும் அதை உரசிக்கொண்டுதான் உள்ளே போகும். உதடு தேய்ந்தால்கூடச் சமாளித்துவிடலாம். தகட்டின் பொடி அதில் ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை. ஒட்டிய பொடி அடுத்த சட்டியின் விலாவைக் கீறும், கீறின இடத்தில் முதல் மழைக்கே துரு பிடிக்கும். சந்தைப் பெண்கள் இதில் ஏமாறமாட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் தலையில் கட்டிய நைலான் துணியை அவிழ்த்துச் சட்டியைச் சுற்றி ஒரு இழுப்பு இழுப்பார்கள். ஒரு நூல் மாட்டினாலும் போதும், "உன் சட்டியை நீயே தலையில வச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். அட்டகோராவின் வளையங்கள் இரண்டாயிரம் சட்டி தாண்டுவதற்குள் கீறத் தொடங்கிவிடும்.

அன்றைக்குத் தலைநகர் அக்ராவிலிருந்து வியாபாரி லான்டே வந்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் ஒரு வளையம், தங்க நிறத்தில் தகதகவென்று.

"தொட்டுப் பாருங்க ஐயா," என்றான் அட்டகோராவிடம். "இது பெயின்ட் இல்ல. வெளிநாட்டுல காத்தே இல்லாத உலைக்குள்ள வச்சு ஆவியா படிய விடறாங்க. தலைமுடியில இருபதுல ஒரு பங்கு தடிமன்தான். ஆனா தகட்டுப் பொடி இதுல ஒட்டவே ஒட்டாது. உங்க வளையத்தை எல்லாம் என்கிட்ட குடுங்க. கப்பல்ல போக ஒரு மாசம், வர ஒரு மாசம். அவ்வளவுதான்."

அட்டகோரா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அறுபது வயசு மனிதர், எதற்கும் சட்டென்று தலையாட்டமாட்டார். "கொனாடு, நீ என்னம்மா சொல்ற?"

குமாசியின் பட்டறைப் பேட்டையான மேகசினில் இரும்பின் தோலைக் கெட்டிப்படுத்துகிற உலைகள் நாலைந்து உண்டு. பெண் நடத்துகிற உலை ஒன்றுதான், அது கொனாடுவுடையது. அட்டகோராவின் வளையங்கள் வேறு உலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கத்தான் அவள் அன்றைக்கு வந்திருந்தாள். அவள் தங்க வளையத்தை விரலால் தடவினாள்.

"அழகா இருக்கு. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகலாம்."

பிரஸ்காரர்கள் சிரித்தார்கள். லான்டேயும் சிரித்தான். "மேடம் எதுல போட்டுக் கெட்டிப்படுத்தறீங்க?"

"மரவள்ளி இலையில."

லான்டே இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தான். "இலையா? ஐயா, நான் இரும்பைப் பத்திப் பேச வந்தேன். மேடம் குழம்பைப் பத்திப் பேசறாங்க."

அங்கேதான் வாய் திறந்தது.

"ஐயாயிரம் சட்டி," என்றாள் கொனாடு. "என் வளையத்துல. ஒரு நூல் மாட்டாம. மாட்டிச்சுன்னா என் முத்திரையைக் கொண்டாந்து இந்த மேசை மேல வச்சிடறேன். அதுக்கப்புறம் மேகசின்ல எந்த இரும்புலயும் என் சீப்பு விழாது. போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அட்டகோரா கண்ணாடியைக் கழற்றினார். "போதும்," என்றார்.

வெளியே வந்து தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் மூளை திறந்தது. அவளுடைய வளையம் இதுவரை அதிகபட்சம் ஓடியது மூவாயிரம்.

சீப்பு என்ன சமாசாரம் என்று சொல்லிவிடுகிறேன். மேகசினில் உலை வைத்திருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு முத்திரை உண்டு. விரல் நீள எஃகுத் துண்டு, அதன் நுனியில் செதுக்கிய அடையாளம். வேலை செய்கிற இரும்பின் அடிப்பக்கம் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. இன்னார் கை பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கொனாடு முதன்முதலாக உலை போட்டபோது எதிர்ப் பட்டறை ஆண்கள், "பொம்பளை கையில சீப்பு இருக்கலாம், இடுக்கி எதுக்கு?" என்று கேட்டார்கள். மறுநாளே அவள் மூன்று பல் சீப்பு ஒன்றை எஃகில் செதுக்கி அதையே முத்திரையாக வைத்துக்கொண்டாள். பதினாறு வருடமாயிற்று. கேட்ட ஆண்களில் இரண்டு பேர் இப்போது தங்கள் உளிகளை அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

இந்த முத்திரையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உலைக்குப் போய் வந்த இரும்பில் அது ஏறாது. தோல் கெட்டியாகிவிட்டால் முத்திரைதான் மழுங்கும். ஆகையால் உலைக்குப் போகும் முன்பே போட்டாக வேண்டும். வேலை நன்றாக வருமா, சொதப்புமா என்று தெரியாமலே பெயரைப் போடவேண்டும். அக்ராவில் எல்லாம் முடிந்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நாங்கள் முதலில் பெயரைப் போட்டுவிட்டுத்தான் நெருப்பில் வைக்கிறோம்.

இலை வித்தையைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டு, மூன்று வருடம் பதினேழு பெட்டி இரும்பைப் பாழாக்கி அவள் தன் கைக்குக் கொண்டுவந்தாள். கசப்பு மரவள்ளியின் இலையில் விஷம் இருக்கிறது. அதைப் பச்சையாகப் பறித்து, நிழலில் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, இரும்புப் பெட்டியில் வளையத்தைச் சுற்றி நிரப்பி, மூடியைக் களிமண்ணால் பூசி, ஏழு மணி நேரம் உலையில் வைத்தால் இலையின் கரியும் அந்த விஷமும் சேர்ந்து இரும்பின் தோலுக்குள் இறங்கும். கரி தோலைக் கெட்டியாக்கும். விஷம் தோலை வழுக்க வைக்கும், தகட்டுப் பொடி ஒட்ட விடாது.

வழக்கமாக இலை கொடுக்கிற விவசாயி, தன் மகள் வீட்டோடு தங்கப் போய்விட்டார். அதனால் இந்தத் தடவை கார்மாயிடம் சொல்லியிருந்தாள். கார்மாய் லைபீரியாக்காரி. சண்டைக் காலத்தில் ஓடிவந்து குமாசியிலேயே தங்கிவிட்டவள், ஐம்பது வயசிருக்கும். ஊர் எல்லையில் கசப்பு மரவள்ளித் தோட்டம் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவள் விற்கிற இலைக் குழம்புக்கு அவள் நாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். "காயவச்சு இடிச்சுக் குடு அக்கா" என்று கொனாடு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. கார்மாயும் கேட்கவில்லை.

மூட்டை வந்தது. கொனாடு எப்போதும் ஒரு கைப்பிடி எடுத்து ஈரக் கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பாள். அன்றைக்கு லான்டேயின் சிரிப்பு காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முகராமலே பெட்டியில் கொட்டினாள்.

மற்றதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வளையத்தின் உதட்டை எமரித் தாளால் மூன்று நாள் தேய்த்தாள். சுற்றிச் சுற்றித் தேய்க்கவில்லை, தகடு எந்தப் பக்கம் வழுக்கிப் போகுமோ அந்தப் பக்கமாகவே தேய்த்தாள். அடியில் சீப்பை வைத்து ஒரு போடு போட்டாள். விடியற்காலையில் உலை பற்றவைத்து, பழைய இன்ஜின் எண்ணெயை ஊற்றி ஊற்றி நிறம் பார்த்து எரித்து, மத்தியானம் வளையத்தை இடுக்கியில் எடுத்து எண்ணெயில் முக்கினாள். ஆறிய பிறகு அரத்தை வைத்து இழுத்தாள். அரம் கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. கல் மாதிரி கெட்டி.

வளையத்தை அட்டகோராவின் பிரஸ்ஸில் மாட்டி ஓடவிட்டார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டி. முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் காலை, எழுநூற்று நாற்பதாவது சட்டியில் துணி மாட்டியது.

அட்டகோரா தானே இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் மாட்டியது. பிரஸ்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் தரையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

கொனாடு இடுப்புத் துணியிலிருந்து முத்திரையை எடுத்தாள். பதினாறு வருடம் கை பட்டு வழவழப்பாகியிருந்த துண்டு. மேசை மேல் வைத்தாள். சத்தமே வராத மாதிரி வைக்க நினைத்தாள், ஆனால் இரும்பு மேசை, டக் என்றது.

"இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தார் அட்டகோரா.

"சொன்னது சொன்னதுதான் ஐயா."

பார்க்க வந்து நின்றிருந்த லான்டே சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கஷ்டமான வேலைதான் மேடம்," என்றான். அதுதான் அவளைக் கொன்றது. "அடுத்த மாசம் முதல் தேதி வண்டியோட வரேன் ஐயா. வளையம் எல்லாத்தையும் ஏத்தி விட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இரண்டு நாள் கொனாடு உலை பற்றவைக்கவில்லை. பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரஸ்ஸிலிருந்து கழற்றி வந்த வளையத்தை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அரம் வழுக்குகிறது. கெட்டியாகத்தான் இருக்கிறது. அப்படியும் உதடு முழுக்கத் தகட்டுப் பொடி பொரியல் மாதிரி ஒட்டியிருக்கிறது. கெட்டியான இரும்பு ஏன் ஒட்டுகிறது? அடியில் அவளுடைய சீப்பு பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆடு வந்தது.

பக்கத்துப் பட்டறை வெல்டர் ஃபுசெய்னிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைக்கிற விருந்துக்கு என்று கொழுத்த கிடா ஒன்றை வாங்கி ஆக்சிஜன் சிலிண்டரில் கட்டியிருந்தான். அது கயிற்றை மென்று அறுத்துக்கொண்டு வந்து, கொனாடுவின் பட்டறை மூலையில் மீதியிருந்த இலை மூட்டைக்குள் கழுத்துவரை தலையை விட்டிருந்தது.

"ஐயோ! ஃபுசெய்னி! உன் கிடா செத்துதுடா!"

ஃபுசெய்னி முகமூடியோடே ஓடிவந்தான். "என்னக்கா ஆச்சு?"

"விஷ இலையைத் தின்னுடுச்சு! எண்ணெய் கொண்டா, பனை எண்ணெய்!"

இரண்டு பேரும் கிடாவை மல்லாத்தி, வாயைப் பிளந்து, அரைப் புட்டி எண்ணெயை ஊற்றினார்கள். பாதி கொனாடுவின் மேல்தான் கொட்டியது. ஃபுசெய்னி வடக்கத்திய மொழியில் கடவுளைக் கூப்பிட்டான், நடுநடுவே கிடாவின் விலையையும் சொல்லிப் புலம்பினான். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் கிடா சாவதற்காகக் காத்திருந்தார்கள்.

கிடா எழுந்தது. தலையை ஆட்டி உதறியது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. நேரே மூட்டைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது.

கொனாடு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. கிடா மென்றுகொண்டே இருந்தது.

"சாகலை," என்றாள் அவள்.

"ஆமாங்க்கா, சாகலை, கடவுள் காப்பாத்துனார்."

"சாகலைடா! சாகலை!" அவள் எழுந்து குதித்தாள். எண்ணெய் வழிகிற கையால் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மூக்கில் வைத்தாள். பச்சை இலையின் கண்ணைக் கரிக்கிற கசப்பு நெடி எங்கே? குழம்பு வாசனை அடித்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசல் வாசனை.

"சாகலைன்னா சந்தோசம்தானே, ஏங்க்கா இப்படிக் கத்துற?" என்று கேட்டான் ஃபுசெய்னி.

"போடா," என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கி ஓடினாள்.

கார்மாயின் வீட்டுக்குப் போய்ச்சேருகிற வரைக்கும் திட்ட வேண்டிய வார்த்தைகளை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். கார்மாய் வாசலில் உரல் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த இலையை என்ன பண்ணுன?"

கார்மாயின் முகம் மலர்ந்தது. உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு இடுப்புத் துணியில் கை துடைத்தாள். "எப்படி இருந்துச்சு? மூணு தண்ணி மாத்துனேன். ரெண்டு தடவை கொதிக்க வச்சேன். சோடா உப்பு போட்டேன். அப்புறம்தான் காயவச்சேன். ஒரு சொட்டுக் கசப்பு இருந்தா சொல்லு, நான் பேரை மாத்திக்கறேன்."

"நான் காயவச்சு இடின்னுதானே சொன்னேன்?"

"சொன்ன. உனக்கு மரவள்ளி இலை பத்தித் தெரியாதுன்னு நெனச்சேன். உங்க ஊர்ல வேற கீரைதானே திங்கறீங்க." கார்மாய் குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஊர்ல வேகவைக்காத இலையை ஒருத்தி கையில குடுக்க மாட்டோம் கொனாடு. குடுத்தா அது கொலைக்குச் சமானம். அப்படிக் குடுத்தவகிட்ட எவளும் அடுப்புக்கு நெருப்புகூட வாங்கமாட்டா. நான் அகதியா வந்தவ. என் இலையைத் தின்னு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊர்ல நான் எப்படித் தலைநிமிந்து நடப்பேன்?"

எதிரே நிற்பவளும் தன்னைப் போலவே பெயருக்காக உயிரை விடுகிறவள் என்பது கொனாடுவுக்கு உறைத்தது. அவள் உரலின் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி?"

"எனக்கு அந்த விஷம்தான் வேணும்க்கா."

"யாருக்குக் குடுக்க?" கார்மாய் ஒரு அடி பின்னால் போனாள்.

"இரும்புக்கு."

"இரும்பு திங்குமா?"

"ஏழு மணி நேரம் உக்காந்து திங்கும்."

கார்மாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். எண்ணெய் வழிகிற ரவிக்கை, கலைந்த தலை. நம்பலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "பச்சை இலையை உன் கையில குடுக்கமாட்டேன்," என்றாள். "நானே கொண்டாறேன். நானே பெட்டியில போடறேன். மூடுற வரைக்கும் வேற ஆள் தொடக்கூடாது. அது இரும்பு வாய்க்குள்ள போறதை என் கண்ணால பாக்கணும்."

அன்று மத்தியானமே கொனாடு அட்டகோராவிடம் போனாள். மேசைமேல் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தட்டுக்குக் கீழே அவளுடைய முத்திரை கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் பேசினாள்.

"என்ன தப்புன்னு கண்டுபிடிச்சிட்டேன் ஐயா. இலை வெந்த இலை. விஷம் போயிடுச்சு. கரி மட்டும் இறங்கிருக்கு. அதான் கெட்டியா இருந்தும் ஒட்டுச்சு."

"அப்ப தப்பு அந்த லைபீரியாக்காரி மேல?"

"இல்ல. அவ செஞ்சது அவ ஊர்ல சரி. முகர்ந்து பாக்காம பெட்டியை மூடுனது என் கை." அவள் மூச்சு இழுத்தாள். "இன்னொரு வளையம் குடுங்க. பழைய கணக்குதான், ஐயாயிரம்."

அட்டகோரா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வளையம் எடுத்துக்க. முத்திரை இங்கதான் இருக்கும்."

"நான் கேக்கலையே."

பிடிவாதம் பிடிவாதத்தைக் கண்டால் அதற்குள் ஒரு மரியாதை உண்டு. அட்டகோரா தானே எழுந்து போய்ப் புது வளையம் ஒன்றைத் தூக்கிவந்து கொடுத்தார்.

மறுபடியும் மூன்று நாள் எமரித் தாள். நான்காம் நாள் விடியலில் கார்மாய் தலையில் மூட்டையோடு வந்து நின்றாள். கொனாடு ஒரு பிடி எடுத்துத் தேய்த்தாள். நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுதான்! இதுதான்!" என்று கத்தினாள். ஃபுசெய்னி தன் கிடாவைத் தெருக்கோடிக்கு இழுத்துப் போய் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினான்.

கார்மாய் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பக்குவத்தில் வளையத்தைச் சுற்றி இலைத்தூளைப் போட்டு அமுக்கினாள். மூடுவதற்கு முன் கொனாடு வளையத்தைக் கடைசியாக ஒரு முறை தொட்டாள். அடிப்பக்கம் மொட்டையாக இருந்தது. பதினாறு வருடத்தில் பெயர் போடாமல் அவள் நெருப்புக்கு அனுப்புகிற முதல் இரும்பு. பெற்ற பிள்ளையைப் பேர் வைக்காமல் வெளியூர் அனுப்புகிற மாதிரி இருந்தது அவளுக்கு. களிமண்ணைப் பூசினாள்.

புகை போகிற பக்கம் ஒருத்தரையும் நிற்கவிடவில்லை. ஏழு மணி நேரம். எண்ணெயில் முக்கியபோது வளையம் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. வெளியே எடுத்துத் துடைத்தாள். போன தடவை வெளிறியிருந்த தோல் இந்தத் தடவை கருஞ்சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி இருந்தது. விரல் வைத்தால் நிற்கவில்லை. வாயைத் திறந்து பட்ட பாடு போதும் என்று இருந்தாள்.

எழுநூற்று நாற்பது போயிற்று. ஆயிரம் போயிற்று. இரண்டாயிரத்தில் பிரஸ்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மூவாயிரத்தில் அட்டகோரா சாப்பாட்டை மேசைக்கு வரவழைத்து, ஃபுஃபுக் களியைக் கிள்ளித் தின்றுகொண்டே பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்தில் மேகசினில் பாதிப்பேருக்கு வேறு பேச்சு இல்லை. எதிர்ப் பட்டறைக்காரர் ஒருத்தர், அந்தக் காலத்தில் இடுக்கி எதுக்கு என்று கேட்டவர், வழியில் அவளைப் பார்த்து, "மாஸ்டர், எத்தனை?" என்று விரலை ஆட்டிக் கேட்டார். "நாலாயிரத்து முன்னூறு," என்றாள். "நம்ம மாஸ்டர்!" என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அந்த 'நம்ம' அவளுக்குத் தேனாக இனித்தது.

ஒன்பதாம் நாள் காலை லான்டே வண்டியோடு வந்தான். தேதி ஒன்று. அட்டகோராவின் பட்டறையில் நிற்க இடமில்லை. சந்தைப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். சட்டி நன்றாக வருகிறது என்ற சேதி அவர்களுக்கு எப்படியோ முதலிலேயே போய்விடும்.

"ஐயாயிரம்!" என்று பிரஸ்காரன் கூவினான். சட்டி மறுபக்கம் டங்கென்று விழுந்தது.

அட்டகோரா அதைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். துணி தேடிப் பார்வையைச் சுழற்றினார். கார்மாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தலையில் கட்டியிருந்த மஞ்சள் நைலான் துணியை அவிழ்த்து, "இது நல்ல துணி," என்றாள். "காத்துப் பட்டாலே நூல் பிரியும்."

அவளே இழுத்தாள். ஒரு சுற்று. மெதுவாக இரண்டாவது சுற்று. துணி தண்ணீரில் போகிற மாதிரி போயிற்று. சந்தைப் பெண் ஒருத்தி நம்பாமல் துணியைப் பிடுங்கித் தானும் இழுத்தாள், பிறகு, "இது எனக்கு," என்று சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் என்ன சான்றிதழ் வேண்டும்? பட்டறை ஓவென்று கத்தியது. யாரோ சட்டியில் தாளம் போட்டார்கள். ஃபுசெய்னி கொனாடுவின் கையைப் பிடித்து மேலே தூக்கினான்.

லான்டே பிரஸ்ஸிடம் போய்க் குனிந்து வளையத்தின் உதட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினான். விரலைப் பார்த்தான். பொடி இல்லை. "மேடம்," என்றான், "நான் குழம்புன்னு சொன்னது தப்பு."

"குழம்பாத்தான் போச்சு ஒரு தடவை," என்றாள் கொனாடு. கார்மாய் அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

அட்டகோரா கண்ணாடித் தட்டைத் தூக்கி முத்திரையை எடுத்தார். கழற்றிய வளையத்தை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். முத்திரையை அவள் பக்கம் நீட்டினார். "போடும்மா உன் சீப்பை. இந்த வளையம் பேர் இல்லாம இருக்கக்கூடாது."

"அது ஏறாது ஐயா," என்றான் லான்டே. "இப்ப எஃகு அதுல..."

"தெரியும்," என்றாள் கொனாடு.

அவள் முத்திரையை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலால் அந்த மூன்று பற்களையும் தடவிப் பார்த்தாள். சில்லு தெறிக்கும் என்று எல்லாரையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னாள். மொட்டையாக இருந்த அடிப்பக்கத்தில் முத்திரையை நேராக நிறுத்தி, பதினாறு வருடத்தில் அடிக்காத ஓர் அடி அடித்தாள். கோயில்மணி மாதிரி கணீரென்றது.

வளையத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. முத்திரையின் நுனியில் சீப்பைக் காணோம், மூன்று பல்லும் மழுங்கி, பொக்கை வாயாகிவிட்டது.

அதை அவள் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது லான்டேதான், பிறகு அட்டகோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு பட்டறை முழுக்க. பதினாறு வருடமாகக் கண்டவன் இரும்பிலெல்லாம் பல் பதித்த சீப்பு, கடைசியில் எஜமானியின் இரும்பில் பல்லை உடைத்துக்கொண்டது. கொனாடுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு பெருமையை ஒரே நாளில் தாங்க உடம்பில் இடம் போதவில்லை.

லான்டேயின் வண்டி காலியாகத் திரும்பியது. புதுச் சீப்பை அவள் மறுவாரமே செதுக்கி, கார்மாயின் பச்சை இலையிலேயே அதையும் கெட்டிப்படுத்திக்கொண்டாள். பழைய பொக்கைச் சீப்பை அட்டகோரா கேட்டு வாங்கி, கம்பியில் கோத்துப் பிரஸ்ஸுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்.

அந்த வளையம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டகோராவிடம் இருக்கிற பன்னிரண்டில் பதினொன்றின் அடியில் சீப்பு இருக்கிறது, இதில் மட்டும் இல்லை. யாருடைய கை என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.